செல்போன் வாத்தியார் ஆகுமா?

"இனிமேல் பள்ளிக்கூடம் எதற்கு? எல்லாப் பாடமும் செல்போனிலேயே வந்து விட்டதே!"

இப்படி ஒரு பேச்சு சில ஆண்டுகளாக நாடெங்கும் அடிபடுகிறது. மும்பையில் மின்சார ரெயிலிலும், டீக்கடையிலும், சால் வீட்டுத் திண்ணையிலும் நம்மவர்கள் கூடும்போது இந்தப் பேச்சு எப்படியும் வந்து விடுகிறது.

"பையனை டியூஷனில் சேர்ப்பதா, செல்போனில் பாடம் நடத்தும் கம்பெனிக்குப் பணம் கட்டுவதா?" என்று ஒருவர் கேட்கிறார். "வேலை பார்த்துக்கொண்டே ஆன்-லைனில் பி.காம். முடித்தால் அந்தப் பட்டம் செல்லுமா?" என்று இன்னொருவர் கேட்கிறார். "மகள் ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் வெளுத்து வாங்குகிறாள், தமிழ் மட்டும் எழுத வரவில்லை. இன்டர்நெட்டில் சொல்லிக் கொடுப்பார்களாமே?" என்பது மூன்றாமவரின் கவலை.

இவை பொழுதுபோகாமல் பேசுகிற பேச்சு அல்ல. பிள்ளைகளாவது நாலு எழுத்துப் படித்து முன்னுக்கு வரட்டும் என்றுதானே நம்மில் பலர் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? ஆகவே, வகுப்பறையின் இடத்தைச் செல்போன் பிடித்து விடுமா என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

பலிக்காத ஜோசியம்

பள்ளிக்கூடத்துக்கு முடிவு காலம் வந்து விட்டது என்று ஜோசியம் சொல்வது புதிது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறார்கள்.

மின்சார விளக்கால் உலகப் புகழ் பெற்ற தாமஸ் ஆல்வா எடிசன், 1913-ம் ஆண்டிலேயே ஆரம்பித்து வைத்தார். சினிமா வந்து விட்டது, இனிப் பள்ளிகளில் புத்தகம் பயனற்றுப் போகும், பத்தே ஆண்டுகளில் பள்ளிக்கூட முறை அடியோடு மாறி விடும் என்பது அவர் கணிப்பு. சினிமா வளர்ந்தது. பாடப் புத்தகமும் போகவில்லை, பள்ளிக்கூடமும் போகவில்லை.

அடுத்து ரேடியோ வந்தது. அதன் பிறகு டெலிவிஷன் வந்தது. நமது நாட்டில் 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி முதல் 1976-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி வரை ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு, கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் நிகழ்ச்சிகள் போயின. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பெரியவர்களுக்கு விவசாயம், சுகாதாரம். மின்சாரமே எட்டிப் பார்க்காத கிராமங்களில்கூட பேட்டரியில் பெட்டி ஓடியது. உலகமே மூக்கில் விரல் வைத்துப் பார்த்த பரிசோதனை அது.

1984-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று, கல்லூரி மாணவர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பாட நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. 2004-ம் ஆண்டு செப்டம்பரில் கல்விக்கென்றே 'எடுசாட்' என்ற செயற்கைக்கோளை நமது விஞ்ஞானிகள் வானுக்கு அனுப்பினார்கள்.

இவை எதுவும் வீண் போகவில்லை. ஆனால் எந்த ஒன்றும் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை!

ஒரு லட்சத்து அறுபதாயிரம் மாணவர்கள்

இன்டர்நெட் வந்த பிறகு இந்த நம்பிக்கை உச்சிக்கு ஏறியது. 2011-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், ஒரு பாடத்தை இன்டர்நெட்டில் இலவசமாக நடத்தினார். சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். அதைப் பார்த்த அவர், இன்னும் 50 ஆண்டுகளில் உலகம் முழுவதற்கும் பத்துக் கல்வி நிலையங்களே மிஞ்சும் என்றார்.

பெயர் கொடுத்தவர்கள் இருக்கட்டும். முடித்தவர்கள் எத்தனை பேர்? சுமார் 23 ஆயிரம் பேர்தான்.

ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்கள் நடத்திய இலவச ஆன்-லைன் வகுப்புகளின் கணக்கு 2019-ல் வெளியாயிற்று. அதன்படி 2017-18-ம் ஆண்டில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான் கடைசி வரை படித்து முடித்தார்கள்.

சொல்லிக் கொடுத்தவர்கள் உலகத்தின் தலைசிறந்த பேராசிரியர்கள். பாடமும் இலவசம். இருந்தும் நூற்றுக்கு 97 பேர் பாதியிலேயே கழன்று கொண்டார்கள். சும்மா பார்த்து விட்டுப் போக வந்தவர்களும் அதில் அடக்கம் என்பது உண்மை. அவர்களைத் தள்ளி விட்டுப் பார்த்தாலும், ஒன்று விளங்குகிறது. நல்ல பாடம் கைக்குக் கிடைப்பது வேறு. அதைக் கடைசி வரை உட்கார்ந்து படிப்பது வேறு.

தபால்காரர் கொண்டு வந்த கல்லூரி

வகுப்பறைக்கு வெளியே படிப்பது நமக்கு ஒன்றும் புதிது அல்ல. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கி விட்டது. மும்பைப் பல்கலைக்கழகமும், மதுரைப் பல்கலைக்கழகமும் 1971-ல் தொடங்கின. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் ஆரம்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981-ல் ஆரம்பித்தது. 1985-ல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. 1989-ல் மராட்டியத்துக்கென்றே யஷ்வந்த்ராவ் சவான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நாசிக்கில் ஏற்பட்டது.

எஸ்.எஸ்.எல்.சி.யும், டைப்ரைட்டிங்கும், சுருக்கெழுத்தும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வண்டி ஏறி வந்த எத்தனையோ தமிழர்கள், இந்த அஞ்சல் வழிக் கல்வியால்தான் பட்டதாரி ஆனார்கள். பகலில் ஆபீஸ், இரவில் பாடக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சமையல் கட்டு விளக்கு வெளிச்சத்தில் படித்துப் பாஸ் செய்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அஞ்சல் வழிக் கல்வி எந்தக் கல்லூரியையும் மூடி விடவில்லை. யாருக்குக் கல்லூரியே கிடையாதோ, அவர்களுக்கு அது கல்லூரி ஆயிற்று. பட்டினி கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுத்தது. விருந்து சாப்பிடுகிறவனின் இலையை அது எடுக்கவில்லை.

அதில் தேறியவர்களுக்கும் ஒரு பொது அம்சம் இருந்தது. அவர்கள் வயது வந்தவர்கள். எழுதப் படிக்க நன்றாகத் தெரிந்தவர்கள். 'பட்டம் வந்தால் பிரமோஷன்' என்ற வைராக்கியம் உள்ளவர்கள். இந்த மூன்றும் ஆறு வயதுக் குழந்தையிடம் இருக்குமா?

கொரோனா வைத்த பரீட்சை

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பெரிய பரீட்சை வந்தது. கொரோனா பரவியதால் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. யார் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், செல்போன்தான் பள்ளிக்கூடம் என்று ஆகி விட்டது.

மும்பையில் 8-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு 2021-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதிதான் பள்ளி திறந்தது. 1 முதல் 7 வரை உள்ள வகுப்புகள் அந்த ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி திறந்தன. மூன்று வாரத்துக்குள் மறுபடி மூடி, 2022-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி மீண்டும் திறந்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த ஒரு குழந்தை, முதன்முதலாக வகுப்பறைப் பலகையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி போய்விட்டது! 'அ, ஆ' எழுத வேண்டிய வயதில் அது செல்போன் திரையைப் பார்த்துக் கொண்டிருந்தது.

அதுவும் திரை இருந்த வீட்டில்தான். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரே ஒரு நல்ல செல்போன். காலையில் அப்பா வேலைக்குப் போகும்போது அதுவும் சட்டைப் பையில் போய்விடும். ஊரடங்கில் அவர் வீட்டில் இருந்தால், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு. ஒரு மூலையில் குக்கர் சத்தம். மறு மூலையில் பாட்டியின் இருமல். வெளியே தண்ணீர்க் குழாய்ச் சண்டை. நடுவில் 'டேட்டா' தீர்ந்து விட்டது என்று படம் அப்படியே நின்று விடும். வேலை போன வீட்டில் ரீசார்ஜுக்குப் பணம் ஏது?

பெரிய வகுப்புப் பிள்ளைகள் ஓரளவு சமாளித்தார்கள். சின்னக் குழந்தைகள்தான் தத்தளித்தன.

கணக்கு என்ன சொல்கிறது?

இது மும்பையின் கதை மட்டும் அல்ல. கிராமப்புறங்களில் ஆண்டுதோறும் பிள்ளைகளின் படிப்பை அளந்து வெளியிடும் 'அசர்' அறிக்கையைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட் போன் இருந்தது 2018-ல் நூற்றுக்குச் சுமார் 36 வீடு. 2020 செப்டம்பரில் அது சுமார் 62 வீடாக உயர்ந்தது. ஏழை எளியவர்கள் கடனை உடனை வாங்கியாவது பிள்ளைகளுக்காகப் போன் வாங்கினார்கள் என்பதற்கு இது அத்தாட்சி.

பலன்? கணக்கெடுத்த வாரத்தில் பள்ளியிடம் இருந்து ஏதாவது பாடம் வந்து சேர்ந்தது மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத்தான். மறு ஆண்டு போன் உள்ள வீடுகள் மேலும் பெருகின. அப்போதும், போன் உள்ள வீட்டுப் பிள்ளைகளிலேயே கால் பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அது கையில் கிடைக்கவில்லை. வீட்டில் போன் இருப்பது வேறு. பிள்ளைக்குப் போன் கிடைப்பது வேறு!

2021 ஜனவரியில் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, கர்நாடகம் உள்பட 5 மாநிலங்களில் 1,137 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 16,067 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தது. 2 முதல் 6 வரை உள்ள வகுப்புகளில், நூற்றுக்கு 92 பிள்ளைகள், முன்பு தெரிந்திருந்த மொழித் திறமைகளில் ஒன்றையாவது மறந்து விட்டிருந்தார்கள். கணக்கில் நூற்றுக்கு 82 பேர். புதிதாகக் கற்காதது மட்டும் அல்ல. கற்றதும் கைவிட்டுப் போயிற்று.

'அசர்' கணக்கில் இன்னொரு விவரம் உண்டு. இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், 2018-ல் நூற்றுக்கு 27 பேர். 2022-ல் 20 பேராகக் குறைந்தார்கள். பள்ளிகள் திறந்து, எழுத்தறிவுக்கென்று தனிக் கவனம் செலுத்திய பிறகு, 2024-ல் மறுபடியும் 27 பேர் ஆனார்கள். இறங்கியது வகுப்பு மூடியபோது. ஏறியது வகுப்பு திறந்த பிறகு!

அதற்காக வகுப்பறைக்கு மாலை போட்டுக் கொண்டாடி விடவும் முடியாது. நல்ல காலத்திலேயே நூற்றுக்கு 27 பேர்தான் வாசித்தார்கள் என்றால், மீதி 73 பேரைப் பள்ளிக்கூடமும் கரை சேர்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? பள்ளிக்கூடம் வேண்டும். அது இப்போது இருப்பதைவிட நல்ல பள்ளிக்கூடமாகவும் இருக்க வேண்டும்.

வாத்தியார் செய்கிற வேலை

பாடம் சொல்வதுதான் வாத்தியார் வேலை என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அது அவர் வேலையில் ஒரு பாதி.

நல்ல வாத்தியார் பாடம் நடத்தும்போது கரும்பலகையைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளின் முகத்தை அதிகம் பார்ப்பார். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் திருதிருவென்று விழித்தால், போதும். "எங்கே, நீ சொல்லு பார்க்கலாம்" என்பார். அவன் 'ழ' எழுதும்போது எங்கே சுழிக்கிறான், எங்கே தடுமாறுகிறான் என்று பார்த்து, கையைப் பிடித்துத் திருத்துவார். கழித்தலில் கடன் வாங்க மறந்த பெண்ணின் சிலேட்டைப் பார்த்தவுடனே, தப்பு எங்கே என்று கண்டுபிடித்து விடுவார்.

செல்போன் இதைச் செய்யாது. நாற்பது பிள்ளைகள் நாற்பது சின்னக் கட்டங்களுக்குள் தெரிந்தால், யார் முகம் வாடியது என்று யாருக்குத் தெரியும்? அதுவும் 'டேட்டா' மிச்சம் பிடிக்கக் காமிராவை அணைத்து வைத்திருந்தால், கட்டத்துக்குள் முகமும் இல்லை, பெயர் மட்டும்தான்!

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. எந்தக் கேள்விக்கும் அது பதில் சொல்லும் என்கிறார்கள். சொல்லட்டும். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய உதவி. தனக்கு என்ன தெரியவில்லை என்பதே தெரியாத பிள்ளை எதைக் கேட்கும்? வகுப்பில் பின்தங்குகிற பிள்ளையின் நிலைமை அதுதான். அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்க் கேட்க ஒரு மனிதர் வேண்டும்.

இந்த உண்மையை அரசாங்கங்களே ஒப்புக் கொண்டன. கர்நாடகத்தில் 2020-ல் 'வித்யாகம' என்ற திட்டத்தில் வாத்தியார்கள் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போய், கோவில் மண்டபத்திலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினார்கள். தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே ஆரம்பித்து, ஊரடங்கில் தினமும் பாடம் ஒளிபரப்பியது. அப்படியும் இழப்பைச் சரிக்கட்ட, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைக் கொண்டு வந்து, மாலை நேரத்தில் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. டெலிவிஷனால் முடியாததை அக்கம்பக்கத்துப் படித்த பெண்கள் பாயை விரித்து உட்கார்ந்து செய்தார்கள்.

சோறும் சிநேகிதமும்

பள்ளிக்கூடம் என்பது பாடம் மட்டுமா? 1956-ல் காமராஜர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவைப் பரவலாக்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பசித்த வயிற்றில் படிப்பு ஏறாது என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று எல்லா மாநிலங்களிலும் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு உண்டு. பள்ளிகள் மூடியதும் அந்தச் சூடான சோறு நின்றது. பல இடங்களில் அரிசியும் பருப்பும் கையில் கொடுத்தார்கள். அது வீட்டுப் பானையில் எல்லோருக்கும் பங்காகிப் போயிற்று. செல்போனுக்குள் எத்தனையோ இருக்கிறது; ஒரு கவளம் சோறு இல்லை.

தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில், பிள்ளைக்குப் பாதுகாப்பான இடமும் பள்ளிக்கூடம்தான். சிநேகிதர்கள் கிடைப்பதும், விட்டுக் கொடுக்கப் பழகுவதும், சண்டை போட்டுச் சமாதானம் ஆவதும் அங்கேதான். மும்பையில் மராத்திப் பிள்ளையோடும், உத்தரப் பிரதேசத்துப் பிள்ளையோடும் நம் பிள்ளை கூடி விளையாடுவது மைதானத்தில்தானே? அந்தப் பழக்கம்தான் நாளைக்கு இந்த ஊரில் அவன் காலூன்றி நிற்கத் துணை.

கம்பெனிகளே கட்டடம் தேடின!

ஊரடங்கு காலத்தில் ஆன-லைன் கல்விக் கம்பெனிகள் ஓகோ என்று வளர்ந்தன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'பைஜூஸ்' கம்பெனியின் மதிப்பு 2022-ல் 2,200 கோடி டாலர் என்றார்கள். பள்ளிகள் திறந்தன, கதை மாறியது. 2024-ல் அந்தக் கம்பெனி மீது திவால் நடவடிக்கைக்கு உத்தரவாயிற்று.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. செல்போனில் பாடம் நடத்திப் பெயர் வாங்கிய பெரிய கம்பெனிகள் சில, 2022-ல் ராஜஸ்தானில் உள்ள கோட்டா நகரத்திலும் மற்ற ஊர்களிலும் கட்டடம் பிடித்து, பெஞ்சு போட்டு, நேரடி வகுப்பு ஆரம்பித்தன! எதிரே ஆள் இருந்தால்தான் பெற்றோர் நம்பிப் பணம் கட்டுகிறார்கள் என்று வியாபாரம் செய்கிறவர்களே கண்டு கொண்டார்கள்.

நம்மவர்கள் ஏமாறுகிற இடமும் இதுதான். ஏஜெண்டு வீட்டுக்கே வருவார். பையனுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைப்பார். "உங்கள் பையன் கணக்கில் ரொம்ப வீக், இப்போதே கவனிக்காவிட்டால் எதிர்காலம் போச்சு" என்று தாயின் வயிற்றில் புளியைக் கரைப்பார். "மாதா மாதம் கொஞ்சம்தான்" என்று கையெழுத்து வாங்குவார். அது கடன் பத்திரம் என்பது, பாங்கியில் பணம் கழியும்போதுதான் தெரிய வரும்.

இத்தகைய புகார்கள் பெருகியதால், 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 'இலவசம்' என்ற விளம்பரத்தை அப்படியே நம்பாதீர்கள். பாங்கிக் கணக்கில் இருந்து தானாகவே பணம் எடுக்க அனுமதி கொடுக்காதீர்கள். தெரியாமல் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது அதன் சாரம். இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்துக் கொண்டாலும் தகும்.

ஆன்-லைன் எங்கே கைகொடுக்கும்?

இவ்வளவும் படித்து விட்டு, ஆன்-லைன் கல்வியே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டி விடக் கூடாது. அது கைகொடுக்கும் இடங்கள் பல உண்டு.

ஷிப்டு வேலை பார்க்கிறவருக்குக் கல்லூரி நேரம் ஒத்து வராது. பாடம் அவர் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தருக்கும் அப்படியே. ஒரு தடவை கேட்டுப் புரியாததை நாலு தடவை திருப்பிக் கேட்கலாம். வாத்தியார் கோபித்துக் கொள்ள மாட்டார்!

மத்திய அரசு 2017-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் கல்லூரிப் பாடங்கள் ஏராளம். படிப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வுக்குத்தான் கட்டணம். 2021-ல் வந்த விதிப்படி, ஒரு பட்டப் படிப்புக்கான மதிப்பெண் அலகுகளில் நூற்றுக்கு 40 வரை, கல்லூரி அனுமதித்தால் இதன் மூலமே பெறலாம்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் டேட்டா சயன்ஸ் பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவை இல்லை. நான்கு வாரப் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. வேலை பார்ப்பவர்களும் படிக்கலாம். பாடம் வீட்டில் இருந்தே. பரீட்சைக்கு மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். செல்போனைக் கண்டுபிடித்த உலகத்தையே நன்கு அறிந்த ஐ.ஐ.டி.கூட, பரீட்சையை ஆள் முன்னிலையில்தான் வைக்கிறது என்பது கவனிக்கத் தக்கது.

பிள்ளையின் தமிழுக்கு வழி

வெளி மாநிலத் தமிழர்களுக்கு ஆன்-லைன் செய்யக் கூடிய பெரிய உபகாரம் தமிழ்தான்.

மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது; அதில் தமிழும் ஒன்று. நம் பிள்ளைகள் தமிழ் படிக்க ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் அரசாங்கப் பள்ளி இருப்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் ஆங்கிலப் பள்ளி மோகத்தால் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். இன்னும் பல ஊர்களில் தமிழ் வகுப்பே கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்களுக்காகவே, தமிழ்நாடு அரசு 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தை ஆரம்பித்தது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். எழுத்துகள், பாட்டு, கதை என்று மழலைகளுக்கான பாடம் முதல், சான்றிதழ் படிப்பு, பட்டப் படிப்பு வரை அதில் உண்டு. பிள்ளையைத் தனியாக விட்டு விடாமல், தாயோ தகப்பனோ பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அரை மணி நேரம் நடத்தினால் போதும். தமிழ் எழுத்தைத் திரை காட்டும். விரலைப் பிடித்து எழுதப் பழக்குவது நாம்தான்.

பணம் கட்டும் முன்...

எனவே, யாருக்கு எது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு வரை உள்ள குழந்தைக்குப் பள்ளிக்கூடமே கதி. அந்த வயதுப் பிள்ளைக்கு ஆன்-லைன் கம்பெனியில் ஆயிரக்கணக்கில் கட்டுவதைவிட, பக்கத்துத் தெருவில் படித்த பெண்ணிடம் டியூஷன் அனுப்புவது மேல்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு வகுப்பறைதான் சாப்பாடு. ஆன்-லைன் தொட்டுக் கொள்ளும் கறி. அரசின் 'திக்ஷா', 'ஸ்வயம்' ஆகியவற்றில் இலவசமாகவே பாடங்கள் கிடைக்கும்போது, அதே பாடத்துக்குக் கடன் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் 10-ம் வகுப்பும் 12-ம் வகுப்பும் முடிக்க வழி இருக்கிறது. தமிழும் அதில் ஒரு பாடம்.

உத்தியோகத்தில் இருப்பவருக்குத் தொலைநிலைக் கல்வியும் ஆன்-லைன் கல்வியும் நல்ல ஏணி. அனுமதி பெற்ற நிறுவனத்தில் இந்த வழியாகப் பெறும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தி இருக்கிறது. 'அனுமதி பெற்ற' என்ற சொல்தான் முக்கியம். அனுமதி, நிறுவனத்துக்கு மட்டும் அல்ல. குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட ஆண்டுக்கும் பார்க்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பெயர் இல்லையா? எவ்வளவு பெரிய விளம்பரம் செய்தாலும் அங்கே ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். என்ஜினீயரிங், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்ற படிப்புகளை இந்த வழியில் நடத்த அனுமதியே இல்லை. நடத்துகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தில் உட்காராமல் எழுந்து வந்து விடுங்கள்.

ஆக, செல்போன் வாத்தியார் ஆகுமா? நன்றாகப் படிக்கத் தெரிந்தவனுக்குச் செல்போன் நல்ல புத்தகம் ஆகும். நல்ல நூலகமும் ஆகும். படிக்கக் கற்றுக் கொள்கிற குழந்தைக்கு அது வாத்தியார் ஆகாது. செல்போனுக்கு ஆயிரம் முறை ரீசார்ஜ் செய்கிற நாம், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு மாதம் ஒரு முறையாவது நேரில் போய், "என் பையன் எப்படிப் படிக்கிறான் சார்?" என்று கேட்டால், அதுவே பெரிய முதலீடு. அதற்குக் கட்டணமும் இல்லை. கடன் பத்திரமும் இல்லை.